ஏரி மேப்ல காணோமா? சாட்டிலைட் படமும் உயர டேட்டாவும் வச்சு ஈரநிலம் வரையும்போது வர்ற கோளாறுகள், சரி பண்ற வழிகள்

நம்ம ஊரு ஏரி, கண்மாய், கழுவெளி, சதுப்பு இதையெல்லாம் சாட்டிலைட் படத்துலேர்ந்து வரைய உட்கார்ந்தா முதல் நாள் நல்லா போகும், நீலக்கலர்ல தண்ணி அழகா வந்து நிக்கும், மறுநாள் நமக்கு தெரிஞ்ச ஊரை ஜூம் பண்ணி பார்த்தா அங்க இருக்கவேண்டிய ஏரி இருக்காது, மலை நிழல்ல ஒரு ஏரி புதுசா முளைச்சிருக்கும். அப்படி மாட்டிக்கிட்டு நிக்கிறவங்களுக்காகத்தான் இதை எழுதுறேன்.

நான் எடுக்குறது கேமரா மாதிரி படம் எடுக்குற சென்டினல்-2, ரேடார் வச்ச சென்டினல்-1, பழைய வருஷத்துக்கு லேண்ட்சாட், இது மூணும் சாட்டிலைட், உயரத்துக்கு எஸ்ஆர்டிஎம் இல்லன்னா கோப்பர்நிக்கஸ் 30 மீட்டர் டெம், டெம்னா தரையோட உயரத்தை பிக்சல் பிக்சலா வச்சிருக்குற டேட்டா. ஓட்டுறது கூகுளோட எர்த் எஞ்சின்லயும் கியூஜிஐஎஸ்ங்கிற மேப் சாஃப்ட்வேர்லயும். உங்க கோளாறு எதுவோ அந்த தலைப்புக்கு நேரா போயிடுங்க, ஆனா அதுக்கு முன்னாடி ஒன்னே ஒன்னு பாருங்க, படம் எந்த மாசம் எடுத்ததுன்னு. பாதி கோளாறு அங்கயே தெரிஞ்சிடும்.

ஏரி இருக்கவேண்டிய இடத்துல வெறும் தரை வருது

மேகமில்லாத படம் வேணும்னு தேடுனா நமக்கு சுலபமா கிடைக்குறது பெரும்பாலும் மார்ச்லேர்ந்து மே வரைக்கும், ஏன்னா தண்ணி ரொம்புற அக்டோபர், நவம்பர், டிசம்பர்ல வடகிழக்கு பருவமழை மேகம் மூடிக்கிட்டு இருக்கும். சித்திரை மாசத்துல மானாவாரி ஏரி வறண்டு மாடு மேயும், சாட்டிலைட் பார்த்ததை அப்படியே சொல்லுது, தப்பு படத்துல இல்ல, அந்த மாசத்தை நாம தேர்ந்தெடுத்ததுல.

இது எனக்கே நடந்தது. செங்கல்பட்டு மாவட்டத்துல ஒரு ஒன்றியத்துக்கு ஏரியெல்லாம் வரைஞ்சு எடுத்துக்கிட்டு ஊருக்கு போனா அங்க ஒரு பெரியவர் பேப்பரை திருப்பி திருப்பி பார்த்துட்டு "தம்பி, எங்க சித்தேரிய விட்டுட்டீங்களே"ன்னார், "இல்லீங்கய்யா அங்க தண்ணியே தெரியல"ன்னு சொன்னேன், அவர் ஒன்னும் பேசாம என்னை கூட்டிட்டு போய் கலங்கை காட்டினார், மதகை காட்டினார், கரை முழுசா நின்னுச்சு. வறண்ட ஏரியும் ஏரிதான். நாம வரையுற மேப்ல அது விட்டுப்போச்சுன்னா நாளைக்கு அதை பார்க்குறவன் காலி நிலம்னு நினைப்பான், பிளாட் போட வர்றவனுக்கு அது வசதியா போயிடும். அன்னையிலேர்ந்து ஒரே தேதி படத்தை வச்சு ஏரி இல்லைன்னு நான் எழுதுறதில்லை.

சரி பண்ணுறது எப்படின்னா, ஒரு படம் எடுக்காம மூணு நாலு வருஷத்துக்கு டிசம்பர் கடைசிலேர்ந்து பிப்ரவரி வரைக்கும் உள்ள படமெல்லாம் சேர்த்து எடுங்க, மழை நின்னு வானம் தெளிஞ்சு ஏரி இன்னும் வத்தாத நேரம் அதுதான். ஒவ்வொரு படத்துலயும் தண்ணியை பிரிச்சு காட்டுற எம்என்டிடபிள்யூஐ இன்டெக்ஸ் போட்டு, அதாவது பச்சை பேண்டுலேர்ந்து (பேண்ட்னா சாட்டிலைட் தனித்தனியா பதியுற ஒளி வகை) ஷார்ட்வேவ் இன்ஃப்ராரெட் பேண்டை கழிச்சு, அதை ரெண்டோட கூட்டுத்தொகையால வகுத்து, ஒரு பிக்சல் எத்தனை தடவை தண்ணியா இருந்துச்சுன்னு சதவீதமா எடுங்க. நூத்துல பத்து தடவை நனைஞ்ச இடம் கூட ஏரிக்குள்ளதான் இருக்கும். பல படத்தோட நடுமதிப்பை எடுத்து ஒரே படமாக்குற மீடியன் காம்போசிட் இங்க உதவாது, வருஷத்துல நாலு மாசம் மட்டும் நிக்கிற தண்ணியை மீடியன் தூக்கி எறிஞ்சிடும். பழசை பார்க்கணும்னா 1984லேர்ந்து 2021 வரைக்கும் லேண்ட்சாட்டை வச்சு ஐரோப்பிய யூனியனோட ஆய்வு மையமான ஜேஆர்சி போட்ட உலக மேற்பரப்பு நீர் லேயர் இருக்கு, நல்ல லேயர்தான், ஆனா அதுவும் மழைக்கால மேகத்துக்கு அடங்குன கண்ணுதான், அதோட ஒரு பிக்சல் 30 மீட்டர். அரை ஹெக்டேர் ஊரணி ஒன்னை எடுத்துக்கிட்டா லேண்ட்சாட்ல அஞ்சாறு பிக்சல்தான் வரும், அதுல ஓரமெல்லாம் கரையோட கலந்த பிக்சல், சென்டினல்-2ல அதே ஊரணிக்கு 50 பிக்சல். ஊரணி, குட்டை இதெல்லாம் ஜேஆர்சில இல்லைன்னு அதை விட்டுடாதீங்க.

இன்னொரு விஷயம், செம்மண் கரைஞ்சு வர்ற முதல் மழை தண்ணிக்கு நியர் இன்ஃப்ராரெட் வச்சு போடுற பழைய என்டிடபிள்யூஐ ஏமாத்தும், கலங்கல் தண்ணி அந்த பேண்ட்ல கொஞ்சம் வெளிச்சமா தெரியும். எம்என்டிடபிள்யூஐதான் அங்க தாங்கும். ஆனா ஷார்ட்வேவ் பேண்ட் 20 மீட்டர், அதை 10 மீட்டருக்கு மாத்தும்போது கரை ஓரம் மழுங்கிடும், அதையும் மனசுல வச்சுக்கோங்க.

தண்ணி நிக்குது, ஆனா மேப்ல பச்சையா காடு மாதிரி வருது

ஆகாயத்தாமரை, சம்பு, நெய்வேலி காட்டாமணக்கு, இல்லன்னா ஏரி உள்வாய் முழுக்க சீமைக்கருவேலம். மேல இருந்து பார்க்குற கண்ணுக்கு இலை மட்டும்தான் தெரியும், எந்த இன்டெக்ஸ் போட்டாலும் கீழ இருக்குற தண்ணி வராது.

இங்கதான் சென்டினல்-1 ரேடார் வேணும். வெறும் தண்ணி ரேடார்ல கருப்பா இருக்கும், ஏன்னா அலை கண்ணாடி மேல பட்ட மாதிரி வேற பக்கம் தெறிச்சு போயிடும். தண்ணிக்குள்ளேர்ந்து தண்டு நீட்டிக்கிட்டு இருந்தா அலை தண்ணில பட்டு தண்டுல பட்டு திரும்பி வரும், அதனால அந்த இடம் சுத்தி உள்ளதை விட வெளிச்சமா ஆகும். ஒரே இடத்தை மே மாசத்துலயும் டிசம்பர்லயும் வச்சு பாருங்க, செடியோட பச்சையை அளக்குற என்டிவிஐ ரெண்டு மாசத்துலயும் பச்சைன்னு சொல்லுது, ரேடாரோட விவி அளவு மட்டும் டிசம்பர்ல நல்லா ஏறியிருக்குன்னா செடிக்கு அடியில தண்ணி நிக்குதுன்னு சந்தேகப்படலாம். மழை பெஞ்ச ஈர மண்ணும் கொஞ்சம் ஏத்தும், அதனால ஒரு தேதியை நம்பாம நாலஞ்சு தேதி பாருங்க. ஆகாயத்தாமரை மிதக்குற செடி, தண்டு நட்டு நிக்காது, அதுல இந்த ஏத்தம் சரியா கிடைக்காது. அதுக்கு வேற தந்திரம், அது நகரும், பெருகும், வாரி எடுத்தா குறையும், வருஷக்கணக்குல பார்த்தா அந்த பிக்சல் எப்பவாவது ஒரு மாசம் தண்ணியா மாறி மறுபடி பச்சையாகும். அந்த ஒரு மாசம் போதும்.

பிச்சாவரம் மாதிரி அடர்ந்த அலையாத்தி காட்டுல சென்டினல்-1 உள்ள போகாது, அதோட அலைநீளம் 5.6 சென்டிமீட்டர்தான், மேல் இலையிலயே நின்னுடும். அங்க அலைநீளம் இதைவிட அதிகமான எல்-பேண்ட் ரேடார் டேட்டா தேடுங்க.

பள்ளிக்கரணைல இதை சோதிச்சு பாருங்க, சம்பும் நாணலும் திறந்த தண்ணியும் ஒன்னாவே இருக்குற இடம், 2022ல உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களோட ராம்சர் பட்டியல்ல 1247.5 ஹெக்டேர்னு சேர்த்தாங்க, உங்க மேப்போட கூட்டிப்பார்க்க ஒரு எண் கையில இருக்கு. ஆனா சுத்தி கட்டடம் நெருக்கமா இருக்கு, கட்டடச்சுவரும் அதே மாதிரி அலையை திருப்பி அனுப்பும், அதனால கட்டடத்தை முதல்ல மறைச்சுட்டு ரேடாரை பாருங்க, இல்லன்னா அடுக்குமாடி வீடெல்லாம் நாணல் காடுன்னு வந்துடும்.

தண்ணியே இல்லாத இடத்துல தண்ணி வருது

இதுக்கு காரணம் பல. எங்க வருதுன்னு பார்த்தாலே எதனாலன்னு தெரியும்.

மலைச்சரிவுல வந்தா நிழல். வால்பாறை, கொடைக்கானல் பக்கம் டிசம்பர், ஜனவரில சூரியன் சாய்வா இருக்கும்போது பள்ளத்தாக்கு எல்லாம் தண்ணியா வரும். இதுக்கு கடல்மட்டத்துலேர்ந்து இத்தனை மீட்டருக்கு மேலன்னா வெட்டிடுன்னு சிலர் போடுறாங்க, தயவுசெஞ்சு அப்படி பண்ணாதீங்க, நீலகிரி உயர்மலை சதுப்பெல்லாம் அதோட போயிடும், கோத்தகிரி பக்கத்து லாங்வுட் சோலை ராம்சர் தளம், அதுவும் போயிடும். உயரத்தை வச்சு வெட்டக்கூடாது, பக்கத்து ஓடையிலேர்ந்து எவ்வளவு மேல இருக்குன்னு வச்சு வெட்டணும், அதைத்தான் ஹேண்ட்னு சொல்றாங்க. ஹேண்ட் 15, 20 மீட்டருக்கு மேல இருக்குற தண்ணி பெரும்பாலும் நிழல்தான். மலை மேல இருந்தாலும் சதுப்பு பள்ளத்துல இருக்கும், அதனால அதோட ஹேண்ட் சின்னதா இருக்கும், தப்பிச்சிடும்.

ரேடார் படத்துல விமான ஓடுதளம், அகலமான தார் ரோடு, தூத்துக்குடி திருநெல்வேலி பக்கத்து தேரி மணல் இதெல்லாம் கருப்பா வரும், வழவழப்பா இருக்குறதும் காய்ஞ்ச மணலும் அலையை திருப்பி அனுப்பாது. இதுல ஒரு அடையாளம், இதெல்லாம் வருஷம் முழுக்க கருப்பு, மானாவாரி ஏரி வருஷம் முழுக்க கருப்பா இருக்காது. வருஷம் முழுக்க ரேடார்ல கருப்பு ஆனா ஆப்டிகல்ல ஒரு தடவை கூட தண்ணி இல்லைன்னா எடுத்துடலாம்.

இதுக்கு நேர்மாறா, பெரிய ஏரி நடுவுல ரேடார் ஓட்டை ஓட்டையா காட்டுதுன்னா காத்து. அலை எழும்பி தண்ணி சொரசொரப்பாகி விவில வெளிச்சமாயிடும். அந்த தேதிக்கு ரேடாரோட இன்னொரு அளவான விஹெச் பாருங்க, அது காத்துக்கு அவ்வளவா அசையாது. அதோட சராசரி எடுக்கும்போது டெசிபெல்ல இருக்குற ரேடார் மதிப்பை அப்படியே கூட்டி வகுக்காதீங்க, நேர் அளவுக்கு மாத்தி சராசரி எடுத்து திரும்ப மாத்துங்க.

ஏப்ரல், மே மாசத்துல சென்டினல்-2ல தண்ணி வெள்ளையா பளபளன்னு வந்தா அது சூரிய ஒளி தெறிக்குறது, நம்ம ஊர்ல அப்போ சூரியன் உச்சிக்கு கிட்ட இருக்கும். மேக மாஸ்க் அதை மேகம்னு வெட்டவும் செய்யும். அந்த தேதியை விடுங்க, வேற வழி தேடி நேரத்தை போக்காதீங்க.

நெல் வயலெல்லாம் சதுப்பு நிலமா வருது

டெல்டால இது வராம இருக்காது, நடவு சமயத்துல வயல் தண்ணிதான். ஒரு தேதி படத்துல இதை பிரிக்கவே முடியாது, எந்த மாடல் போட்டாலும். வருஷ ஓட்டத்தை பார்க்கணும். சம்பா வயல்னா தண்ணி, ஒன்றரை ரெண்டு மாசத்துல முழுப்பச்சை, தை மாசம் மஞ்சள், அப்புறம் வெறும் தரை, எல்லாம் கடகடன்னு நடக்கும். ஏரின்னா தண்ணி மெதுவா ஓரத்துலேர்ந்து உள்ள சுருங்கும், பச்சை ஓரத்துல மட்டும் வளையம் மாதிரி வரும். மாசத்துக்கு ஒரு எம்என்டிடபிள்யூஐ, ஒரு என்டிவிஐ, ஒரு விஹெச் எடுத்து பன்னெண்டு மாசத்தையும் பேண்டா அடுக்கி கொடுத்தீங்கன்னா சாதாரண ரேண்டம் ஃபாரஸ்ட் மாடலே நல்லா பிரிக்கும்.

மரக்காணம், வேதாரண்யம், தூத்துக்குடி உப்பளம் அப்படியே தலைகீழ். கோடைல ஏரி வத்தி கிடக்கும்போது பாத்தில உப்புத்தண்ணி நிக்கும், வெள்ளையும் தெரியும், பருவமழைல எல்லாம் முழுகி ஒரே தண்ணியாயிடும். மே மாசத்துல தண்ணி, நேர்கோட்டு ஓரம், சின்ன சின்ன சதுரம் இது மூணும் சேர்ந்தா உப்பளம் இல்லன்னா இறால் பண்ணை. மரக்காணத்துல கழுவெளியும் உப்பளமும் பக்கத்து பக்கத்துலயே இருக்கு, அங்க பழகிட்டா மத்த இடம் சுலபம்.

2022க்கு முன்னாடி நல்லா வேலை செஞ்ச த்ரெஷோல்ட் (தண்ணின்னு பிரிக்குற எல்லை எண்) அதுக்கப்புறம் சொதப்புது

ஏரி மாறல, டேட்டா மாறிச்சு. 2022 ஜனவரி 25லேர்ந்து சென்டினல்-2 பிக்சல் மதிப்புல 1000 கூட்டி கொடுக்குறாங்க. கழிச்சு கூட்டி வகுக்குற இன்டெக்ஸ்ல இது ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி அடிபடாது, அதனால மதிப்பெல்லாம் பூஜ்ஜியம் பக்கம் நெருங்கிடும். எர்த் எஞ்சின்ல பேர் கடைசில ஹார்மனைஸ்டுன்னு இருக்குற தொகுப்பை எடுங்க, கழிச்சே வரும். அதே தேதிலேர்ந்து 2024 பிப்ரவரி வரைக்கும் க்யூஏ60 மேக பேண்ட் காலியா இருந்தது, பழைய கோட்ல அதை வச்சு மேகம் வெட்டியிருந்தா அந்த ரெண்டு வருஷமும் எதுவுமே வெட்டாம மேகத்தோட வந்திருக்கும். மேகம் வெட்ட கிளவுட் ஸ்கோர் பிளஸ்ஸுக்கு மாறிடுங்க.

டெம்ல பள்ளமே இல்ல, ஈரநிலமெல்லாம் சமமா தட்டையா வருது

கோட்ல முதல் வரி என்னன்னு பாருங்க, ஃபில் சிங்க்ஸ்னு இருக்கும். நீரோட்டம் கணக்கு போட பள்ளத்தையெல்லாம் ரொப்பிட்டுத்தான் ஆரம்பிக்கணும்னு எல்லா பாடத்துலயும் இருக்கு, நாம தேடுறதே அந்த பள்ளத்தைத்தான். ரொப்புன டெம்லேர்ந்து ரொப்பாத டெம்மை கழிங்க, மிச்சம் வர்றதுதான் பள்ளத்தோட ஆழம், அதுதான் உங்க முதல் உத்தேச ஈரநிலப் பட்டியல். ஒரு மீட்டர், ரெண்டு மீட்டருக்கு கீழ வர்ற பள்ளத்தை எஸ்ஆர்டிஎம்ல நம்பாதீங்க, அது நிஜ பள்ளம் இல்ல, டேட்டாவுல இருக்குற பிழை (நாய்ஸ்). நீரோட்டத்துக்கு ரொப்பாமலேயே ஓடுற கிராஸ் வாட்டர்ஷெட் கருவியை போடுங்க.

இதுல ஆழமா யோசிக்கவேண்டியது ஒன்னு இருக்கு. எஸ்ஆர்டிஎம் எடுத்தது 2000 பிப்ரவரில 11 நாள். நம்ம ஏரில தண்ணி நிக்கிற மாசம். ரேடார் பார்த்தது தண்ணியோட மேல்மட்டத்தை, தரையை இல்ல. கோப்பர்நிக்கஸ் டெம்ல ஏரியை பிறகு தட்டையாவும் ஆக்கியிருக்காங்க. அதனால டெம்மை வச்சு ஏரி கொள்ளளவு போட்டா வர்ற எண் தப்பு. அதுக்கு வழி, ஏரி வத்த வத்த ஒவ்வொரு தேதியிலயும் தண்ணி ஓரத்தை வரைஞ்சு, அந்த தேதிக்கு மதகுப்பக்கம் அளவுகோல் காட்டுன மட்டத்தை ஓரத்துக்கு கொடுத்தா அது ஒரு சமமட்டக்கோடு, பத்து தேதி சேர்ந்தா ஏரி தரையோட வடிவமே வந்துடும். மெனக்கெடுற வேலைதான், ஆனா இதைவிட நேர்மையான கணக்கு கைக்காசுக்கு கிடைக்காது.

நீரோட்டம் கரையை உடைச்சுக்கிட்டு போகுது, இல்லன்னா பக்கத்து பக்கத்துல நேர்கோடா ஓடுது

கரை உடையுறதுக்கு காரணம் பிக்சல். கரை நாலு மீட்டர் உயரம் இருந்தாலும் அகலம் கம்மி, 30 மீட்டர் பிக்சல்ல சராசரியாகி ஒன்னுமில்லாம போயிடும். கரையை படத்துல பார்த்து கையால கோடா வரைஞ்சு அந்த பிக்சல்ல அஞ்சு மீட்டர் ஏத்துங்க, கலங்கு இருக்குற இடத்துல மட்டும் வெட்டி விடுங்க. அப்பதான் மேல் ஏரி ரொம்பி கலங்கு வழியா கீழ் ஏரிக்கு போற சங்கிலி மாடல்ல வரும். ரோட்டுக்கு இதுக்கு எதிர்ப்பக்கம், ரோடு மேடு டெம்ல அணை மாதிரி நிக்கும், கீழ இருக்குற கல்வெர்ட் தெரியாது, அங்க அறுத்து விடணும்.

நேர்கோடா ஓடுறது டெல்டா மாதிரி சம தரையில. எஸ்ஆர்டிஎம் உயரம் முழு மீட்டர்ல மட்டும்தான் இருக்கு. கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்குற தரையில முப்பது பிக்சலுக்கு மேல ஒரே எண்ணா வரும், தண்ணி எந்தப்பக்கம் போகணும்னு அல்காரிதத்துக்கு தெரியாது, ஏதோ ஒரு பக்கம் வரிசையா ஓட்டிடும். ஈரம் தேங்குற இடத்தை உயரத்தை வச்சு காட்டுற டிடபிள்யூஐ இன்டெக்ஸும் அதனால கோடு கோடா வரும். கோப்பர்நிக்கஸ் டெம்ல தசமம் இருக்கு, அதுக்கு மாறுங்க, வாய்க்காலை வரைஞ்சு டெம்ல கொஞ்சம் ஆழமா பதிச்சுட்டு ஓட்டுங்க. டெல்டால தண்ணியை திருப்புறது சரிவை விட வாய்க்காலும் ஷட்டரும்தான்.

உயரம் மைனஸ் 80, 90ன்னு வருது

பயப்படவேண்டாம். இஸ்ரோவோட கார்ட்டோடெம், ஜிபிஎஸ் ரெண்டும் எலிப்சாய்டுங்கிற கணக்கு உருண்டையிலேர்ந்து அளக்குது, கடல்மட்டத்துலேர்ந்து இல்ல. பூமியிலயே ஜியாய்டு, அதாவது கடல்மட்டத்தை பூமி முழுக்க நீட்டுன வடிவம், ரொம்ப இறங்கியிருக்குற இடம் இலங்கைக்கு தெக்க, 106 மீட்டர் அளவுக்கு, அதனால சென்னை பக்கமே எண்பது மீட்டருக்கு மேல வித்தியாசம், தெக்க போகப்போக கூடும். ரெண்டு டெம்மை கழிக்கறதுக்கு முன்னாடி ரெண்டையும் ஒரே ஜியாய்டுக்கு கொண்டு வாங்க, எஸ்ஆர்டிஎம் இஜிஎம்96, கோப்பர்நிக்கஸ் இஜிஎம்2008.

எர்த் எஞ்சின்ல சரிவு எல்லாம் பூஜ்ஜியம், பரப்பளவு ஓட்டுற ஒவ்வொரு தடவையும் வேற

ரெண்டுக்கும் ஒரே காரணம். மொசைக், மீடியன் போட்டதும் படத்தோட புரொஜெக்ஷன் (பிக்சலோட அளவையும் இடத்தையும் சொல்ற அமைப்பு) போய் ஒரு டிகிரி பிக்சல்னு ஆயிடும், நூறு கிலோமீட்டருக்கு மேல. டெம்முக்கு டிஃபால்ட் புரொஜெக்ஷனை கையால கொடுங்க, பரப்பளவுக்கு ஸ்கேல் 10ன்னு எழுதுங்க. ஜூம் பண்ணும்போது மேப் மாறுறதும் இதுதான், திரையில தெரியுறதை நம்பாம எக்ஸ்போர்ட் பண்ணி பாருங்க. பாதி மாவட்டம் மட்டும் தள்ளி நிக்குதுன்னா யூடிஎம் மண்டலம் (மேப்புக்காக பூமியை பட்டை பட்டையா பிரிச்சது), 78 டிகிரி கிழக்குல 43ம் 44ம் பிரியுது, திண்டுக்கல் கிட்டத்தட்ட அந்த கோட்டு மேலயே இருக்கு.

துல்லியம் 96 சதவீதம்னு வருது, மேப்பை பார்த்தா தப்பு தப்பா இருக்கு

ஒரே ஏரிலேர்ந்து ஆயிரம் பிக்சல் எடுத்து அதையே பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரிச்சிருப்பீங்க. பக்கத்து பக்கத்து பிக்சல் ஒரே மாதிரிதான் இருக்கும், மாடல் பரீட்சைக்கு முன்னாடியே கேள்வித்தாளை பார்த்துடுச்சு. ஏரி ஏரியா பிரிங்க, ஒரு ஏரி முழுசா பயிற்சிக்கு, இன்னொன்னு முழுசா சோதனைக்கு. அப்போ 96 இறங்கும், இறங்கட்டும், அதுதான் நிஜம். மொத்த சதவீதத்தை மட்டும் பார்க்காம விட்டுப்போன ஈரநிலம் எவ்வளவுன்னு தனியா பாருங்க, வறண்ட ஏரிக்கும் செடி மூடுன ஏரிக்கும் சோதனைப் புள்ளி கட்டாயம் வைங்க.

நம்ம எண்ணிக்கை அரசாங்க எண்ணிக்கையோட ஒத்துப்போகல

பெரும்பாலும் யார் மேலயும் தப்பு இருக்காது. இஸ்ரோவோட தேசிய ஈரநில அட்லஸ் 1:50,000 அளவுல 2.25 ஹெக்டேருக்கு மேல உள்ளதைத்தான் பரப்பா வரைஞ்சிருக்கு, அதுக்கு சின்னதெல்லாம் புள்ளி. ராம்சர் வரையறைல நெல் வயலும் உப்பளமும் கூட ஈரநிலம், ஆனா 2017 மத்திய ஈரநில விதில நெல் வயல் கிடையாது, பாசனத்துக்குன்னே கட்டுனதும் உப்புக்கும் இறாலுக்கும் வெட்டுனதும் கிடையாது. நம்ம ஏரி, கண்மாய் பெரும்பாலும் பாசனத்துக்கு கட்டுனது, அதனால அந்த விதி மட்டும் வச்சு பார்த்தா அதுக்குள்ள வராமலே போகலாம். இதனாலதான் டேபிள்ல ஈரநிலம் ஆம், இல்லைன்னு ஒரே நெடுவரிசை வைக்காதீங்கன்னு சொல்றேன். ஒவ்வொரு பாலிகானுக்கும் என்ன வகை, யார் கட்டுனது இல்ல இயற்கையா, எத்தனை சதவீதம் நாள் தண்ணி, செடி மூடியிருக்கா, கரையும் கலங்கும் கண்ணால பார்த்தாச்சா, எந்த தேதில பார்த்தோம், ஊர்ல என்ன பேர் சொல்றாங்க, இத்தனையும் தனித்தனி நெடுவரிசையா வைங்க. தண்ணி சதவீதம் பூஜ்ஜியம்னு வந்தாலும் கரையும் கலங்கும் இருக்குன்னா அந்த வரியை அழிக்காதீங்க, நான் அந்த சித்தேரியை அப்படித்தான் திரும்ப சேர்த்தேன், அடுத்த தை மாசப் படத்துல அதுல தண்ணி இருந்துச்சு.